23 கிராம்: பெய்ஜிங் ஒலிம்பிக்கும் எட்டாம் மாதமும்

2008 ஜூலை 20 முதல் பெய்ஜிங்கில் ஒரு நாள் ஒற்றைப்படை எண் கொண்ட வண்டிகள், மறுநாள் இரட்டைப்படை. சுமார் 33 லட்சம் வாகனங்கள் இருந்த ஊரில் பாதி வண்டிகள் தினமும் வீட்டிலேயே நின்றன. அதற்கு முன்பே, ஜூலை 1 முதல், அதிகம் புகை கக்கும் சுமார் 3 லட்சம் வண்டிகளுக்குத் தடை வந்திருந்தது. கட்டுமான வேலைகள் நிறுத்தப்பட்டன. ஷோகாங் இரும்பாலை உற்பத்தியைக் குறைத்தது. பக்கத்து ஹெபெய் மாகாணத்திலும் தியான்ஜினிலும்கூட ஆலைகளை மூடச் சொன்னார்கள்.

இத்தனையும் ஒலிம்பிக்குக்காக. காற்று மோசமாக இருந்தால் நீண்ட நேரப் போட்டிகளைத் தள்ளிவைக்க வேண்டிவரும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவர் ஷாக் ரோக் 2007இலேயே சொல்லியிருந்தார். எத்தியோப்பிய ஓட்டக்காரர் ஹைலே கெப்ரசெலாசி பெய்ஜிங் காற்றுக்குப் பயந்து மாரத்தானை விட்டுவிட்டு 10,000 மீட்டர் மட்டும் ஓடினார். ஓட்டக்காரர்களின் நுரையீரலைப் பற்றி உலகமே பேசியது. அந்த ஊரிலேயே இருந்த கர்ப்பிணிகளைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. அவர்களைப் பற்றிய கணக்கு 2015இல்தான் வந்தது.

ஏன் இந்த ஊர், ஏன் இந்த மாதங்கள்

காற்று மாசும் கர்ப்பமும் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே நோய்தான். புகை அதிகமுள்ள தெருவில் குழந்தைகள் எடை குறைவாகப் பிறக்கின்றன என்று கண்டுபிடிப்பார்கள். அந்தத் தெருவில் வாடகையும் குறைவு, சாப்பாடும் குறைவு, இரைச்சலும் அதிகம், வீட்டில் பீடி பிடிப்பவரும் இருப்பார். எது எதனால் என்று பிரிப்பது பெரும்பாடு. கர்ப்பிணிகளில் பாதிப் பேரைப் புகையில் நிற்கவைத்துச் சோதிக்கவும் முடியாது.

பெய்ஜிங்கில் மாறியது தெரு இல்லை, காற்று. அதே ஊர், அதே வீடுகள், ஏறக்குறைய அதே மாதிரியான மக்கள். 2007 ஆகஸ்டில் அழுக்குக் காற்று, 2008 ஆகஸ்டில் ஓரளவு சுத்தமான காற்று, 2009இல் மறுபடி பழைய நிலைமை. மாசுப் பொருள்கள் எதுவென்பதைப் பொறுத்து 18 முதல் 59 சதவீதம் வரை குறைந்தன. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் ரிச், டியூக் பல்கலைக்கழகத்தின் ஜுன்ஃபெங் ஜாங் ஆகியோரின் குழு இதைப் பிடித்துக்கொண்டது. நகரின் நான்கு வட்டங்களில் வசித்த தாய்மார்களின் 83,672 நிறைமாதப் பிரசவங்களை எடுத்தார்கள். ஆகஸ்ட் 8 முதல் செப்டம்பர் 24 வரையிலான நாட்களில் ஒவ்வொரு குழந்தையும் வயிற்றில் எத்தனையாவது மாதத்தில் இருந்தது என்று பார்த்தார்கள். அதே தேதிகளை 2007, 2009 குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரே பருவத்தை ஒப்பிடுவதால் வெயில், காய்கறி, காய்ச்சல் சீசன் போன்ற குழப்பங்கள் பெரிதும் அடிபட்டுப்போகின்றன.

முதல் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை நம்பத்தகுந்த வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. எட்டாம் மாதம் ஒலிம்பிக் நாட்களில் விழுந்த குழந்தைகள் மட்டும் சராசரியாக 23 கிராம் எடை கூடுதலாகப் பிறந்தார்கள். உண்மையான மதிப்பு 5 கிராமிலிருந்து 40 கிராமுக்குள் இருக்கலாம் என்பது புள்ளியியல் எல்லை. வேறொரு வழியிலும் கணக்குப் போட்டார்கள். எட்டாம் மாதத்தில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 19.8 மைக்ரோகிராம் கூடினால் எடை 18 கிராம் குறைகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு மூன்றும் அதே திசையில்தான் காட்டின.

23 கிராம் என்றால் எவ்வளவு

பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் குழந்தை வாரத்துக்குச் சுமார் 200 கிராம் கூடும். அப்படியானால் 23 கிராம் ஒரு நாள் வளர்ச்சிகூட இல்லை. எந்தப் பிரசவ வார்டிலும் இதை யாரும் கவனிக்கப்போவதில்லை. எடை போடும் இயந்திரத்தில் துணியோடு வைத்தால் வரும் பிழையே அதைவிட அதிகம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், சராசரி சிறிது நகர்ந்தாலும் விளிம்பில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம் என்பது. எனக்கு அந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை. 2,480 கிராமில் பிறக்க வேண்டிய குழந்தை 2,503 கிராமில் பிறந்தால் பதிவேட்டில் எடைக்குறைவு (2,500 கிராமுக்குக் கீழ்) என்ற பட்டியலிலிருந்து வெளியே வரும், சரி. குழந்தை அதே குழந்தைதானே? 23 கிராமை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். தாயின் சாப்பாடு, உயரம், ரத்தசோகை எதையும் யாரும் தொடவில்லை. சில வாரங்களுக்குக் காற்று மட்டும் மாறியது. அதுவும் முழுச் சுத்தமாகவில்லை, கொஞ்சம்தான் தெளிந்தது. அதற்கே பிறப்பு எடையில் அளக்கக்கூடிய மாற்றம் தெரிகிறது என்றால், புகைக்கும் குழந்தைக்கும் நடுவே ஏதோ ஒரு வழி திறந்திருக்கிறது. கிராம் கணக்கைவிட அந்த வழிதான் முக்கியம்.

ஆனால் அங்கே போகும் முன் இந்த ஆய்வை இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

எட்டு மாதங்களைத் தனித்தனியாகச் சோதித்து ஒன்றில் மட்டும் பலன் கிடைத்திருக்கிறது. உண்மையில் எதுவுமே இல்லாவிட்டாலும், எட்டு முறை தேடினால் ஒரு முறையாவது தற்செயலாக ஏதாவது அகப்படும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நான்கு மாசுப் பொருள்களும் ஒரே மாதிரி சாட்சி சொல்கின்றனவே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. நான்கும் ஒரே கார்கள், ஒரே ஆலைகளிலிருந்து வருபவை, ஒன்றாகவே ஏறி இறங்குபவை. நாலு பேர் சாட்சி சொன்னாலும் நாலு பேரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

அப்புறம் வானிலை. அந்த ஆகஸ்டில் காற்று தெளிந்ததில் அரசின் கட்டுப்பாடுகளைவிடக் காற்றோட்டத்துக்கும் மழைக்கும் பங்கு அதிகம் என்று ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகமும் பீக்கிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த அளவீடுகள் காட்டின. குழந்தையைப் பொறுத்தவரை இது பெரிய குறையில்லை; மழை கழுவினாலும் போலீஸ் தடுத்தாலும் மூச்சில் போகும் துகள் குறைந்தால் சரிதான். காரை நிறுத்தினால் இத்தனை கிராம் கூடும் என்று பேசும் அரசியல்வாதிக்குத்தான் இது இடிக்கும்.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்த ஆய்வு நிறைமாதக் குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. குறைமாதப் பிரசவங்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஜெனீவா இரும்பாலை ஒரு தொழிலாளர் தகராறால் 1986 ஆகஸ்டிலிருந்து சுமார் 13 மாதங்கள் மூடிக்கிடந்தது. அந்தக் காலத்தில் கர்ப்பமாக இருந்தவர்களிடம் குறைமாதப் பிரசவம் குறைந்தது என்று 2008இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கர்ப்பத்தின் நடுப்பகுதி ஆலை மூடிய காலத்தில் விழுந்தவர்களுக்கே அந்தப் பலன் அதிகம். எடையில் மாற்றம் இல்லை. அங்கே நாள் கூடியது, இங்கே எடை கூடியது. அங்கே நடு மாதங்கள், இங்கே கடைசி மாதங்கள். முரண்பாடு போலத் தெரியும் இது, நஞ்சுக்கொடி வளரும் விதத்தைப் பார்த்தால் அவ்வளவு முரணாகத் தெரியாது.

நஞ்சுக்கொடிக்குள்

கர்ப்பத்தின் முதல் பாதியில் நஞ்சுக்கொடிக்கு வேலை கட்டுமானம். அதன் செல்கள் கருப்பைச் சுவருக்குள் நுழைந்து, தாயின் சுருள் தமனிகளின் தசைச் சுவரைக் கரைத்து, குறுகலான குழாய்களை அகலமாக்குகின்றன. இது சரியாக நடக்காவிட்டால் பின்னால் ரத்தக்கொதிப்பு, வளர்ச்சிக்குறைவு, குறைமாதம் என்று வரிசையாக வரும். பிந்தைய பாதியில் வேலை பெரும்பாலும் போக்குவரத்து. பிரசவம் நெருங்கும்போது அரைக் கிலோ எடையுள்ள அந்த உறுப்பின் வழியாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் தாயின் ரத்தம் ஓடுகிறது. குழந்தை வேகமாக எடை போடும் நேரமும் அதுதான். கட்டுமானத்தில் விழும் அடியும் போக்குவரத்தில் விழும் அடியும் வேறு வேறு விளைவு தருவதில் ஆச்சரியமில்லை. எட்டாம் மாதத்தில் ரத்த ஓட்டமோ பரிமாற்றமோ சற்று மந்தமானால் எடையில் தெரியும்.

ஓட்டம் மந்தமாகும் என்பதற்குச் சான்று உண்டா? அதே ஒலிம்பிக், ஏறக்குறைய அதே குழு, கர்ப்பிணி அல்லாத ஆட்கள். பெய்ஜிங்கில் 125 இளம் மருத்துவர்களின் ரத்தத்தைப் போட்டிகளுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பிறகும் எடுத்துப் பார்த்தார்கள். 2012இல் முடிவு வெளிவந்தது. ரத்தத் தட்டணுக்கள் கிளர்ந்திருப்பதைக் காட்டும் பி-செலக்டின் போட்டிக் காலத்தில் 34 சதவீதம் குறைந்திருந்தது. ரத்தம் உறைவதோடு தொடர்புள்ள வான் வில்லிபிராண்ட் காரணி 13 சதவீதம் குறைந்திருந்தது. ஆரோக்கியமான இருபது சொச்சம் வயதுக்காரர்களுக்கே ரத்தத்தின் உறையும் தன்மை சில வாரங்களில் இப்படி மாறுகிறது. கர்ப்பகாலத்தில் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் நிலையில் இருக்கும். அதோடு சேர்த்துப் பார்த்தால் நஞ்சுக்கொடியின் நுண்குழாய்களில் என்ன நடக்கலாம் என்று ஊகிக்கலாம். ஊகம்தான், அந்தக் கர்ப்பிணிகளின் நஞ்சுக்கொடிகளை யாரும் எடுத்துவைக்கவில்லை.

எடுத்துவைத்தவர்கள் பெல்ஜியத்தில் இருந்தார்கள். லிம்பர்க் மாகாணத்தில் ஹாசெல்ட் பல்கலைக்கழகத்தின் டிம் நாவ்ரோட் நடத்தும் என்விரோனேஜ் என்ற ஆய்வில், கெங்க் நகர மருத்துவமனையில் பிரசவித்த தாய்மாரின் நஞ்சுக்கொடித் திசுவைச் சேகரித்துவருகிறார்கள். பொதுவாகக் குப்பைக்குப் போகும் பொருள் அது. ஹன்னெலோரே போவே என்ற ஆய்வாளர் அதில் கரித்துகளைத் தேடினார். எளிய வேலையில்லை. வெட்டும் கத்தியிலிருந்து, ஆய்வகக் காற்றிலிருந்து ஒட்டிய தூசியாகவும் இருக்கலாமே? அவர் பயன்படுத்திய முறை இதுதான்: மிகமிகக் குறுகிய லேசர் துடிப்புகள் கரித்துகளின் மேல் பட்டால் அது வெள்ளை ஒளி விடும், திசு அப்படி விடாது. சாயம் ஏற்றத் தேவையில்லை. துகள் திசுவின் மேல்பரப்பில் ஒட்டியிருக்கிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா என்பதையும் ஆழம் பார்த்துச் சொல்லலாம்.

2019இல் வந்த முடிவு: பார்த்த 28 நஞ்சுக்கொடிகளிலும் கரித்துகள் இருந்தது, அதுவும் குழந்தையின் பக்கத்தில். தாய்மார்கள் புகைபிடிக்காதவர்கள். வீட்டைச் சுற்றிக் கரிப்புகை அதிகமுள்ள 10 பேரையும் குறைவாக உள்ள 10 பேரையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் ஒரு கன மில்லிமீட்டர் திசுவுக்குச் சராசரியாகச் சுமார் 21,000 துகள்கள், இரண்டாவது கூட்டத்தில் சுமார் 9,500. குறைவாக இருந்த இடத்திலும் பூஜ்யம் கிடையாது.

இங்கே ஒரு விஷயம் மனதைத் தொந்தரவு செய்கிறது. லிம்பர்க்கின் காற்று பெய்ஜிங் காற்றோடு ஒப்பிடவே முடியாத அளவு சுத்தமானது. அங்கேயே இப்படி.

2022இல் இதே குழு ஸ்காட்லாந்தின் அபெர்டீன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அடுத்த படிக்குப் போனது. பெல்ஜியத்தின் 60 தாய்-சேய் இணைகளில் தாயின் ரத்தம், நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி ரத்தம் மூன்றிலும் கரித்துகள் கிடைத்தது. ஸ்காட்லாந்தில், கருக்கலைப்புக்குப் பின் ஒப்புதலோடு தரப்பட்ட 7 முதல் 20 வாரக் கருக்களின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றிலும் கிடைத்தது. சுவாசிக்கவே தொடங்காத நுரையீரலில் கரி.

இந்தச் செய்தி பத்திரிகைகளில் பெரிய தலைப்புகளோடு வந்தது, நியாயம்தான். ஆனால் துகள் அங்கே இருக்கிறது என்பது ஒரு கண்டுபிடிப்பு. துகள்தான் எடையைக் குறைத்தது என்பது வேறொரு கண்டுபிடிப்பு. இரண்டாவது இன்னும் வரவில்லை. தாயின் நுரையீரலில் கிளம்பும் அழற்சியே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. துகள் கருப்பை வரை வரவேண்டிய அவசியமே இல்லாமல் ரத்த ஓட்டம் மாறலாம். கார்பன் மோனாக்சைடு தனி வழியில் வேலை செய்கிறது: நஞ்சுக்கொடியைக் கடந்து, குழந்தையின் ஹீமோகுளோபினை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிஜனுக்கு இடம் தராது. இந்த மூன்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை, சேர்ந்தே நடக்கலாம்.

அதே என்விரோனேஜ் சேகரிப்பிலிருந்து 2017இல் வந்த இன்னொரு முடிவையும் சொல்லவேண்டும். 641 குழந்தைகளைப் பார்த்ததில், கர்ப்பகாலம் முழுவதுமான பிஎம் 2.5 சராசரி வெறும் 5 மைக்ரோகிராம் கூடியிருந்தால் தொப்புள்கொடி ரத்தச் செல்களின் டெலோமியர், அதாவது குரோமோசோம் நுனிப் பகுதி, சுமார் 9 சதவீதம் குறுகியிருந்தது. நஞ்சுக்கொடியில் 13 சதவீதம். எடை மெஷினில் இது எதுவும் தெரியாது. அதனால்தான் 23 கிராமை மட்டும் வைத்து இந்த விவகாரத்தைச் சிறியது, பெரியது என்று தீர்ப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விழுப்புரம், நாகப்பட்டினம்

பெய்ஜிங் ஒரு தற்செயல். அதே கேள்வியைத் திட்டமிட்டுச் சோதித்த இடங்களில் இரண்டு நம் ஊரில் இருக்கின்றன. ஹேபின் என்ற ஆய்வு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, தமிழ்நாடு ஆகிய நான்கு இடங்களில் தலா 800 கர்ப்பிணிகளைச் சேர்த்தது. இங்கே விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள்; பொறுப்பு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். மீதிப் பேர் விறகடுப்பில் தொடர்ந்தார்கள். கேஸ் கிடைத்தவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 சுமார் 24 மைக்ரோகிராம், விறகடுப்புக்காரர்களுக்குச் சுமார் 71. பெரிய வித்தியாசம்.

குழந்தைகளின் எடை வித்தியாசம் 19.8 கிராம். எல்லை, மைனஸ் 2.1 முதல் 41.7 வரை. பூஜ்யம் அதற்குள் வருவதால், கேஸ் அடுப்பால் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று 2022இல் அறிவித்தார்கள். புள்ளியியல் விதிப்படி அது சரியான வாசகம். எரிசக்தி, நலவாழ்வு வட்டாரங்களில் பலருக்கு ஏமாற்றம்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெய்ஜிங்: 23 கிராம், 5 முதல் 40. ஹேபின்: 20 கிராம், மைனஸ் 2 முதல் 42. ஒன்றுக்கு "பலன் உண்டு" என்று தலைப்பு, மற்றொன்றுக்கு "பலன் இல்லை" என்று தலைப்பு. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே பதில். ஒன்றில் 83 ஆயிரம் பிரசவங்கள், மற்றொன்றில் மூவாயிரத்துச் சொச்சம். தலை எண்ணிக்கை குறைந்ததால் எல்லை விரிந்து பூஜ்யத்தைத் தொட்டுவிட்டது.

மூன்றாவது எண் ஒன்றும் இருக்கிறது. கல்பனா குழுவே இதற்கு முன் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், பிஎம் 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் எடை 4 கிராம் குறைகிறது என்று கண்டார்கள். ஹேபினில் இரு தரப்புக்கும் இடையே 47 மைக்ரோகிராம் வித்தியாசம். பெருக்கினால் 19 கிராம். ஒரு தாளில் போட்டுப் பார்க்கும் கணக்குதான் இது, அடுப்புப் புகையும் ஒலிம்பிக் புகையும் ஒன்றில்லை, ஆனாலும் எண்கள் இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பதைக் கவனிக்காமல் போக முடியவில்லை.

ஹேபினுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. பெண்களைச் சேர்த்ததே 9 முதல் 20 வாரங்களுக்குள். அடுப்பு வீட்டுக்கு வரும்போது நஞ்சுக்கொடியின் கட்டுமான வேலையில் பெரும்பகுதி விறகுப் புகையிலேயே முடிந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்பே கேஸ் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த ஆய்வில் பதில் இல்லை.

இங்கே செய்தால்

பெய்ஜிங் மாதிரி ஒரு கணக்கை இங்கே போட 2020 ஊரடங்கு ஒரு வாய்ப்பாகத் தோன்றும். மார்ச் 25க்குப் பின் சாலைகள் காலி, ஆலைகள் மூடல். ஆனால் அந்த மாதங்களில் மாறியது காற்று மட்டுமில்லை. வேலை போனது, பரிசோதனைக்குப் போக பஸ் இல்லை, வீட்டில் பயம். பெய்ஜிங்கில் கிடைத்த சுத்தமான ஒப்பீடு இதில் கிடைக்காது.

பதிவேட்டுக்குக் குறையில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதுமே பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவேட்டில் ஒரு எண் போட்டுவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழுக்கே அந்த எண்ணைக் கேட்கிறார்கள். பெய்ஜிங்கின் நான்கு வட்டங்களைவிட எவ்வளவோ பெரிய கணக்கு அதிலிருந்து போடலாம். சிக்கல் முகவரியில். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்தால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். பதிவில் இருப்பது மாமியார் வீட்டு முகவரி. மணலியில் பதிவான பெண்ணின் எட்டாம் மாதம் உண்மையில் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில், விறகடுப்புக்குப் பக்கத்தில் கழிந்திருக்கலாம். அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தின் அளவை அவள் பெயருக்கு எதிரே எழுதினால் கணக்கு தலைகீழாகப் போய்விடும். ரிச் குழுவின் முடிவு முழுக்க எட்டாம் மாதத்தின் மேல் நிற்கிறது. நம் ஊரில் சரியாகத் தெரியாத மாதமும் அதுதான். கிராம சுகாதார செவிலியர் எப்படியும் போன் செய்து விசாரிக்கிறார். இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள், அங்கே அடுப்பு என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கு பிக்மியில் இரண்டு கட்டங்கள் போதும்.